இரைப்பைப் புற்றுநோயில் 'தொடக்கநிலை' என்னுஞ் சொல்

ஒரு சொல் வழங்கும் இடத்துக்கேற்பப் பொருள் வேறுபடுதல் தமிழ் கற்றார் யாவரும் அறிந்ததே. மருத்துவ நூலிலும் அத்தகைய சொல் ஒன்றுண்டு. இரைப்பைப் புற்றுநோயைத் 'தொடக்கநிலை' என வைத்தியர் கூறுமிடத்து, நோய் நேற்றுத் தோன்றியது, வேறெங்குஞ் செல்லவில்லை என நாம் கொள்கின்றோம். அச்சொல்லின் பொருள் அதுவன்று.

இரைப்பையின் சுவர் பல படைகளால் ஆயது. உணவு படும் உட்படை சீதமென்சவ்வு, அதன்கீழ்க் குருதிக் குழாய்களும் நிணநீர்க் குழாய்களும் செறிந்த கீழ்ச்சீதப்படை, அதற்கப்பால் தசைப்படை. புற்று முதலிரு படைகளைக் கடவாது நிற்பின் அது தொடக்கநிலைப் புற்று எனப்படும். யப்பானிய அறிஞர் 1962 ஆம் ஆண்டில் வகுத்த இவ்வரையறை, நிணநீர்க்கணுக்களில் நோய் பரவியிருப்பினும் பரவாதிருப்பினும் ஒக்கும். எனவே அச்சொல் ஆழத்தைச் சுட்டுவதேயன்றிக் காலத்தையோ பரவாமையையோ சுட்டுவதன்று.

ஆழங்குறைந்த புற்று என்பை அடைவது எவ்வாறு? கீழ்ச்சீதப்படையை எட்டிய புற்றுக்கலங்கள் அங்குள்ள குழாய்களின் வழியே வெளியேறலாம். அப்படையை எட்டிய நோயாளர் 100 பேரில் ஏறத்தாழ 20 பேருக்கு நிணநீர்க்கணுக்களில் நோய் காணப்படும். குருதிவழிச் செல்லுங் கலங்களுட் பெரும்பாலன அழிந்துபடும். எஞ்சியவை, 1889 இல் ஆங்கில மருத்துவர் ஸ்ரீபன் பாஜெற் வித்தும் நிலமும் என உவமித்தவாறு, தமக்கேற்ற நிலத்திலேயே முளைக்கும். செம்மச்சை நிறைந்த முள்ளந்தண்டும் இடுப்பென்பும் விலாவென்பும் அத்தகைய நிலங்களாம். அங்கே அவை ஆண்டுக்கணக்கில் அடங்கிக் கிடந்து பின்னர் எழுதலும் உண்டு.

இவ்வாறு நிகழ்தல் மிக அரிது. தொடக்கநிலையிற் சிகிச்சை பெற்றோருள் 100 இல் 90 பேருக்கு மேற்பட்டோர் ஐந்தாண்டு கடந்து வாழ்கின்றனர். ஆகவே அஞ்சுதல் வேண்டா; அயர்தலும் வேண்டா. இரைப்பைப் புற்றுக்கு முன்னர்ச் சத்திரசிகிச்சை பெற்ற ஒருவருக்கு, படுத்தாலும் தணியாத முதுகுவலி தோன்றின், வாதமென்றும் முதுமையென்றுங் கருதி எண்ணெய் பூசி நாட்போக்குதல் தகாது. பழைய நோயையும் வைத்தியரிடம் மறவாது கூறுதல் வேண்டும். அதனை அறியாதவர் புதிய வலியை அதனோடு தொடர்புபடுத்தல் எங்ஙனம்? குருதியில் அல்கலைன் பொஸ்பற்றேஸ் என்னும் நொதியம் உயர்ந்திருத்தல் ஐயத்தை எழுப்பும். என்பினைப் படம்பிடித்தலும் வேண்டியவிடத்து மச்சையை எடுத்துச் சோதித்தலும் அதனைத் தெளிவிக்கும். கால்கள் வலுவிழப்பினோ சிறுநீர் தடைப்படினோ அன்றே வைத்தியசாலையை அடைதல் வேண்டும்.

என்பிற் பரவிய நோயை முற்றாக நீக்குதல் அரிதெனினும், கதிர்ச்சிகிச்சை வலியைத் தணிக்கும். மருந்துகள் நோயின் வேகத்தைக் குறைத்தலுங் கூடும். காலந்தாழ்த்தாது சென்றவரே கால் தளராது நடமாடும் வாய்ப்பை மிகுதியும் பெறுவர்.

முதியோர் தம் வலியைப் பிள்ளைகளுக்குப் பாரமாகுமென்று மறைப்பர். அவர் சொல்லாததையுங் கேட்டறிதல் இளையோர் கடனாகும்.