பேட்டரி ஆட்டோவுக்கு "கரண்ட் பங்க்" எங்கே?
நெடுஞ்சாலையில் வைத்தால் போதாது. மார்க்கெட்டுக்கும் தெருவுக்கும் வரவேண்டும்!

திருச்சி,-

தஞ்சாவூர் ரோட்டில் பெட்ரோல் தீர்ந்தால் கவலை இல்லை. வண்டியைத் தள்ளிக்கொண்டு போனாலும் ஒரு பங்க் வந்துவிடும். பேட்டரி தீர்ந்தால் எங்கே போவது? அரியமங்கலத்தில் பேட்டரி ஆட்டோ வாங்க நினைப்பவர் முதலில் யோசிக்க வேண்டியது இதைத்தான்.

தமிழக அரசு 2019-ல் மின்சார வாகனக் கொள்கை வெளியிட்டது. 2023 பிப்ரவரியில் அதைத் திருத்தியபோது, முன்னோடி நகரங்களாக 6 ஊர்களைக் குறித்தது. சென்னை, கோவை, மதுரை, சேலம், நெல்லையோடு திருச்சியும் அதில் சேர்ந்தது.

ஒன்று ஒன்பதாகிறது!

நகரங்களில் 3 கிலோ மீட்டர் நீள அகலத்துக்கு ஒரு சார்ஜ் நிலையம் என்பதுதான் மத்திய அரசின் பழைய கணக்கு. 2024 செப்டம்பரில் அது மாறியது. 2030-க்குள் 1 கிலோ மீட்டர் நீள அகலத்துக்கு ஒன்று வரவேண்டும். அதாவது, முன்பு ஒன்று போதும் என்ற இடத்தில் இனி ஒன்பது!

நெடுஞ்சாலையில் 20 கிலோ மீட்டருக்கு ஒன்று, ரோட்டின் இரு பக்கமும் இருக்கவேண்டும்.

பிளக் பொருந்தாது

எண்ணிக்கை மட்டும் போதுமா? காருக்காக வைக்கும் அதிவேக சார்ஜரின் பிளக் பல ஆட்டோக்களுக்குப் பொருந்தாது. சாதாரண 15 ஆம்பியர் பிளக்கில் ஆட்டோவுக்கு சார்ஜ் ஏற சுமார் 4 மணி நேரம் ஆகும். வாடகை வீட்டில் இருப்பவருக்கு அந்தப் பிளக்கே கிடைப்பது கஷ்டம். ஓட்டவேண்டிய நேரத்தில் வண்டி நின்றால் அன்றைய வரும்படி போச்சு!

வழி இருக்கிறது. காந்தி மார்க்கெட் சரக்கு விடியற்காலையில் நகர்கிறது. உச்சி வேளையில் லோடு ஆட்டோவுக்கு ஓய்வு. சார்ஜ் நிலையங்களுக்கான மின்கட்டணம் காலை 9 முதல் மாலை 4 வரை மலிவாக இருக்கவேண்டும் என்கிறது மத்திய அரசின் நெறிமுறை. அந்த நேரத்தில் வெயிலில் கிடைக்கும் மின்சாரம் தாராளம். ஆகவே, வண்டி நிற்கும் இடத்திலேயே பிளக் வைத்தால் ஓய்வு நேரத்திலேயே சார்ஜ் ஏறிவிடும்.

கடைக்காரர்கள் கவனிக்க!

சார்ஜ் நிலையம் வைக்க லைசென்ஸ் தேவையில்லை. பாதுகாப்பு விதிகளைப் பின்பற்றினால் யாரும் வைக்கலாம். புதிதாக லைன் இழுக்க வேண்டியதில்லை என்றால், திருச்சி போன்ற நகராட்சிப் பகுதிகளில் 7 நாளில் இணைப்பு தரவேண்டும் என்பது விதி. கடை முன்னால் நாலு வண்டி நிற்க இடமுள்ளவர்கள் கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

முன்னோடி நகரம் என்ற பெயர் திருச்சிக்குக் கிடைத்துவிட்டது. அடுத்து, எந்த ஸ்டாண்டில், எந்தத் தெருவில் பிளக் என்று வார்டு வாரியாகப் பட்டியல் வரட்டும். அதைப் பார்த்தால்தான் ஆட்டோக்காரர் துணிந்து கடன் வாங்கி வண்டி எடுப்பார்.