தேய்மானக் கழிவு (தூத்துக்குடிச் சிறுதொழில்கள்)

தேய்மானக் கழிவு என்பது, தொழிலுக்காக வாங்கப்படும் இயந்திரம், வாகனம், படகு முதலிய சொத்துகளின் விலையைப் பல ஆண்டுகளுக்குப் பகிர்ந்து, வரிக்குரிய வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ள இந்திய வருமான வரிச் சட்டம் வழங்கும் சலுகை ஆகும். வ.உ.சி. துறைமுகத்தைச் சூழ்ந்த தூத்துக்குடிப் பகுதியின் உப்பளங்கள், மீன்பிடி படகுகள், சரக்குந்துகள் ஆகியவற்றை எடுத்துக்காட்டாகக் கொண்டு இக்கட்டுரை அதனை விளக்குகிறது.

அடிப்படை

கூலி, மின்கட்டணம் போன்றவை அந்தந்த ஆண்டிலேயே செலவாக ஏற்கப்படுகின்றன. இயந்திரமோ பல ஆண்டுகள் உழைப்பது. ஆகவே அதன் விலை முழுவதும் ஒரே ஆண்டில் கழிக்கப்படுவதில்லை. ஒவ்வோர் ஆண்டும், முன்னர்க் கழித்தது போக எஞ்சிய மதிப்பில் குறிப்பிட்ட விழுக்காடு கழிக்கப்படுகிறது. 1988 ஏப்ரல் முதல், ஒரே வகையையும் ஒரே விகிதத்தையும் உடைய சொத்துகள் ஒரு தொகுதியாகக் கணக்கிடப்படுகின்றன. பழைய இயந்திரத்தை விற்றால் விற்ற தொகை அத்தொகுதியின் மதிப்பிலிருந்து குறைக்கப்படும்.

தேய்மானத் தொகை வருமானத்தைக் குறைக்கிறதேயன்றி, வரியிலிருந்து நேரடியாகக் கழிக்கப்படுவதில்லை. எடுத்துக்காட்டாக, ஒரு கூட்டாண்மை நிறுவனம் 4,00,000 ரூபாய்க்கு நீரிறைக்கும் இயந்திரம் வாங்கினால் முதலாண்டுத் தேய்மானம் 15% வீதம் 60,000 ரூபாய் ஆகும். 30% வரியும் அதன்மீது 4% தீர்வையும் சேர்ந்த 31.2% விகிதத்தில், மிச்சமாகும் வரி 18,720 ரூபாய் மட்டுமே.

விகிதங்கள்

1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் கீழ் வகுக்கப்பட்ட விதிகளின்படி முதன்மையான சில விகிதங்கள் வருமாறு:

- பொதுவான இயந்திரங்கள்: 15% (2005-06 நிதியாண்டுக்கு முன்னர் 25%)
- மரத்தாலான உடலை உடைய மீன்பிடிக் கலங்கள்: 20%
- வாடகைக்கு ஓட்டப்படும் சரக்குந்துகள்: 30%
- கணினிகள்: 40%
- அறைகலன்கள்: 10%
- மண், மணல், களிமண் கொண்டு அமைக்கப்பட்ட உப்பளப் பாத்திகளும் நீர்த்தேக்கங்களும்: 40%

நிலத்திற்குத் தேய்மானம் இல்லை. எனினும் அந்நிலத்தின்மீது அமைக்கப்படும் உப்புப் பாத்தி மழையிலும் வெள்ளத்திலும் விரைந்து சிதைவதால் உயர்ந்த விகிதத்தைப் பெறுகிறது.

180 நாள் விதியும் உப்புப் பருவமும்

வாங்கிய ஆண்டில் ஒரு சொத்து 180 நாட்களுக்குக் குறைவாகப் பயன்படுத்தப்பட்டால் அவ்வாண்டில் பாதித் தேய்மானமே கிடைக்கும். நிதியாண்டு மார்ச் 31இல் முடிவதால், முழுத் தேய்மானம் பெற அக்டோபர் தொடக்கத்திற்குள் சொத்து பயன்பாட்டுக்கு வந்திருக்க வேண்டும்.

தூத்துக்குடியில் அக்டோபர் முதல் திசம்பர் வரை வடகிழக்குப் பருவமழைக் காலம், உப்பளங்கள் ஓய்ந்திருக்கும். சனவரி வாக்கில் பாத்திகள் சீரமைக்கப்பட்டு உப்பு விளைச்சல் தொடங்கும். அப்போது வாங்கப்படும் இயந்திரம் அந்நிதியாண்டில் பாதிக் கழிவையே பெறுகிறது. மேற்கண்ட எடுத்துக்காட்டில் 60,000 ரூபாய் 30,000 ஆகக் குறையும். மீதி அழிந்துபோவதில்லை, எஞ்சிய மதிப்பில் சேர்ந்து பின்வரும் ஆண்டுகளில் சிறிது சிறிதாகக் கழிகிறது. முதல் மூன்றாண்டுகளின் மொத்தக் கழிவு 1,54,350 ரூபாய்க்குப் பதிலாக 1,32,675 ரூபாயாக இருக்கும்.

கூடுதல் தேய்மானம்

பொருள் உற்பத்தியில் ஈடுபடும் நிறுவனம் புதிய இயந்திரம் வாங்கினால், வழக்கமான தேய்மானத்துடன் விலையில் 20% கூடுதலாகக் கழிக்கலாம். கோவில்பட்டியில் தீப்பெட்டி உற்பத்திக்கு வாங்கப்படும் புதிய இயந்திரத்தை இதற்கு எடுத்துக்காட்டாகக் கூறலாம். ஏற்கெனவே பிறர் பயன்படுத்திய இயந்திரம், கப்பல், அலுவலகக் கருவி, சாலை வாகனம் ஆகியவற்றுக்கு இது பொருந்தாது.

2019இல் அறிமுகமான 22% குறைந்த வரி விகிதத்தைத் தேர்ந்தெடுத்த கம்பனிகளுக்கும், தனிநபர்களுக்கான புதிய வரி முறையில் இருப்போருக்கும் கூடுதல் தேய்மானம் இல்லை. ஆகையால் பெருந்தொகைக்கு இயந்திரம் வாங்க எண்ணும் சிறு நிறுவனம், குறைந்த விகிதத்தால் வரும் பயனையும் இழக்கும் கழிவையும் முன்கூட்டியே ஒப்பிட வேண்டியுள்ளது.

உத்தேச வருமான முறை

விற்றுமுதலில் குறிப்பிட்ட விழுக்காட்டை வருமானமாகக் காட்டும் உத்தேச முறையைத் தனிநபர் வணிகரும் கூட்டாண்மை நிறுவனங்களும் தேர்ந்தெடுக்கலாம். கம்பனிகளுக்கு அவ்வாய்ப்பு இல்லை. பத்துக்கு மேற்படாத சரக்குந்துகளை உடையோருக்குத் தனி முறை உண்டு. அதில் 12 டன்னுக்கு மேற்பட்ட வண்டிக்கு, அதன் மொத்த எடையில் டன் ஒன்றுக்கு மாதம் 1,000 ரூபாய் வருமானமாகக் கொள்ளப்படும். இம்முறைகளில் தேய்மானம் ஏற்கெனவே கழிக்கப்பட்டதாகக் கருதப்படுவதால், புதிய வண்டி வாங்கினாலும் தனியே எதையும் கோர இயலாது.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை

- ஒருவருக்கு ஒரே நாளில் 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகச் செலுத்தினால் அத்தொகை சொத்தின் விலையில் சேராது. அதற்குத் தேய்மானமும் இல்லை. 2017-18 முதல் இவ்விதி உள்ளது.
- அரசு மானியமாகக் கிடைத்த தொகை விலையிலிருந்து நீக்கப்படும்.
- சரக்கு மற்றும் சேவை வரியை உள்ளீட்டு வரி வரவாகப் பெற்றால், அவ்வரிப் பகுதிக்குத் தேய்மானம் கோரக் கூடாது. உணவு உப்புக்கு இவ்வரி இல்லாததால், அதனை உள்நாட்டில் மட்டும் விற்பவருக்கு இயந்திரத்தின்மீது செலுத்திய வரி வரவாகக் கிடைப்பதில்லை; அது விலையுடன் சேர்ந்து தேய்மானமாகவே கழிகிறது.
- வருமானம் போதாமையால் கழிக்க முடியாத தேய்மானத்தைக் கால வரம்பின்றிப் பின்வரும் ஆண்டுகளுக்குக் கொண்டுசெல்லலாம். உப்பு விலை வீழ்ந்த ஆண்டிலும் படகு கடலுக்குச் செல்லாத ஆண்டிலும் இது சிறு உரிமையாளருக்குத் துணையாகிறது.

சட்ட மாற்றம்

1961ஆம் ஆண்டுச் சட்டத்திற்கு மாற்றாக வருமான வரிச் சட்டம், 2025 இயற்றப்பட்டது. 2026 ஏப்ரல் 1 முதல் ஈட்டப்படும் வருமானத்திற்கு அது உரியது. சொத்துத் தொகுதி முறையும் எஞ்சிய மதிப்பில் கழிக்கும் முறையும் அச்சட்டத்திலும் தொடர்கின்றன.