சர்க்கார் மான்யத்துக்கும் அனுமதி வேண்டும்

(விவசாய டிமான்ஸ்டிரேட்டர் ஒருவர் எழுதியது)

சர்க்கார் தம் கஜானாவிலிருந்து குடியானவர்களுக்கோ கம்பெனிகளுக்கோ பணம் கொடுப்பதற்குப் பிறரிடம் அனுமதி கேட்க வேண்டுமோ என்று நம் வாசகர்கள் வியக்கலாம். ஐரோப்பிய யூனியனைச் சேர்ந்த 27 தேசங்களிலும் சட்டம் அவ்விதமே இருக்கிறது. 1957-ம் வருஷத்து ரோம் உடன்படிக்கையிலேயே இவ்விதி இடம் பெற்றது.

இதற்குக் காரணம் எளிது. அத்தேசங்களுக்குள் சரக்குகள் சுங்கமின்றிப் போய் வருகின்றன. ஒரு சர்க்கார் தம் பண்ணைக்காரருக்கு மட்டும் பண உதவி செய்தால், அவர் பாலையும் மாமிசத்தையும் விலை குறைத்து விற்பார். எல்லைக்கு அப்பாலுள்ள குடியானவரோ, உழைப்பில் குறைவில்லாதவராயினும், நஷ்டமடைய நேரிடும். ஆகையால் மான்யம் கொடுக்க எண்ணும் சர்க்கார் தம் திட்டத்தை முன்னதாகவே பிரஸ்ஸல்ஸிலுள்ள ஐரோப்பியக் கமிஷனுக்கு அறிவிக்க வேண்டும். அனுமதி வரும்வரை ஒரு காசும் கொடுக்கலாகாது. விவரங்கள் பூர்த்தியாகக் கிடைத்தபின் கமிஷன் இரண்டு மாதத்துக்குள் முதற் பரிசீலனையை முடிக்கும். சந்தேகம் தோன்றினால் விரிவான விசாரணை தொடங்கும்.

நெதர்லாந்து தேசத்துச் சம்பவம் இதனை நன்கு விளக்கும். கால்நடைகளின் சாணம், மூத்திரம் ஆகியவற்றிலிருந்து எழும் அம்மோனியா, பாதுகாக்கப்பட்ட காடுகளிலும் சதுப்பு நிலங்களிலும் படிந்து கேடு விளைவித்தது. அதனைக் குறைப்பதற்காக, தாமாகவே முன்வந்து தொழிலை மூடும் பண்ணைக்காரருக்கு நஷ்டஈடு கொடுக்க அந்த சர்க்கார் இரண்டு திட்டங்கள் வகுத்தனர். 2023-ம் வருஷம் மே மாதம் 2-ந் தேதி கமிஷன் இவற்றுக்கு அனுமதி அளித்தது. இரண்டுக்கும் சேர்ந்த தொகை சுமார் 147 கோடி யூரோ. முதல் திட்டத்தில் நஷ்டத்தின் முழு அளவு வரையிலும், மிகுந்த கேடு விளைவிக்கும் பண்ணைகளுக்கான இரண்டாவதில் நூற்றுக்கு 120 வரையிலும் கொடுக்கலாம். பணம் பெறுவோர் தம் தொழிலை நிரந்தரமாக மூடுவதோடு, அதே கால்நடைத் தொழிலை யூனியனின் வேறெந்த இடத்திலும் தொடங்குவதில்லை என்றும் உறுதி கூற வேண்டும். தலைமுறையாக நடத்திய பண்ணையை விடுவதா, வைத்துக்கொள்வதா என்பதைக் குடும்பத்தார் கூடி நிதானித்தே தீர்மானிக்க வேண்டியதாயிற்று.

சிறு தொகைகளுக்கு இவ்வறிவிப்பு வேண்டுவதில்லை. பயிர், கால்நடை உற்பத்தியில் ஒருவருக்கு மூன்று வருஷத்துக்குள் 50,000 யூரோ வரையில் கொடுக்கலாமென்று 2024 டிசம்பரில் விதி திருத்தப்பட்டது. அதற்கு முன் பொது வரம்பு 20,000 யூரோவாகவே இருந்தது.

அனுமதியின்றிக் கொடுத்த மான்யம் விதிகளுக்கு ஒவ்வாததென்று தீர்மானமானால், பெற்றவரே அதை வட்டியுடன் திருப்பிக் கட்ட வேண்டும். சர்க்கார் கொடுத்ததை நம்பி வாங்கினேன் என்ற சமாதானம் பெரும்பாலும் செல்லாது. அனுமதி உண்டா என்று விசாரித்தறிவது பெறுபவரின் கடமை என்றே நீதிமன்றம் தீர்ப்புச் செய்திருக்கிறது. பத்து வருஷம் வரையில் இவ்விதம் வசூலிக்க இடமுண்டு.

தேசமும் சட்டமும் வேறாயினும், இதில் நமக்கும் ஒரு படிப்பினை உண்டு. மான்யம் வருமென்ற பேச்சைக் கேட்டவுடனே கடன் வாங்கிக் கொட்டகை கட்டுவதும் யந்திரம் வாங்குவதும் விவேகமன்று. உத்தரவின் நம்பர், தேதி, நிபந்தனைகள் ஆகியவற்றை எழுத்து மூலம் பார்த்த பின்னரே செலவில் இறங்க வேண்டும். கிராம உத்தியோகஸ்தர்களும், தம்மிடம் வந்து கேட்கும் குடியானவர்களுக்கு இதனை முன்கூட்டியே எடுத்துச் சொல்வார்களாயின், பின்னால் வரக்கூடிய பெருநஷ்டத்தைத் தடுத்தவர்களாவார்கள்.