பால் ஹாரிஸ் ஃபெல்லோ

பால் ஹாரிஸ் ஃபெல்லோ என்பது ரோட்டரி (சுழற்கழகம்) இயக்கத்தின் அறக்கட்டளைக்கு 1,000 அமெரிக்க டாலர் நன்கொடை அளித்தவருக்கோ, பிறர் அளித்த நன்கொடையின் வழியாகப் பெருமைப்படுத்தப்படுபவருக்கோ வழங்கப்படும் சிறப்புத் தகுதி ஆகும். 1905 பெப்ரவரி 23 அன்று சிகாகோவில் முதல் ரோட்டரி சங்கத்தைத் தொடங்கிய வழக்கறிஞர் பால் ஹாரிசின் பெயரால் இது 1957 இல் ஏற்படுத்தப்பட்டது. தகுதி பெறுபவருக்குச் சான்றிதழும், உடையில் குத்திக்கொள்ளும் சின்னமும் தரப்படுகின்றன. சுழற்கழக அழைப்பிதழ்களில் சிலர் பெயருக்குப் பின் காணப்படும் "பி.எச்.எஃப்." இதன் சுருக்கமே, இது கல்விப் பட்டம் அன்று.

வரலாறு

ரோட்டரி அறக்கட்டளைக்கான கருத்தை 1917 இல் ஆர்ச் கிளம்ப் முன்வைத்தார். அதற்கு வந்த முதல் நன்கொடை 26.50 டாலர் மட்டுமே. 1947 இல் பால் ஹாரிஸ் மறைந்தபோது அவர் நினைவாகப் பெருமளவில் நன்கொடைகள் குவிந்தன. இந்தியாவில் ரோட்டரி 1920 இல் கொல்கத்தாவிலும் 1929 இல் சென்னையிலும் தொடங்கப்பட்டது. பின்னர் அம்பத்தூர், ஆவடி போன்ற புறநகர்ப் பகுதிகளுக்கும் பரவியது.

கொடையும் தொண்டும்

இத்தகுதி பணத்துக்குக் கிடைப்பதா, தொண்டுக்குக் கிடைப்பதா என்ற ஐயம் இயல்பாகவே எழும். இரண்டுக்கும் கிடைக்கும் என்பதே விடை. நன்கொடையாளர் அளிக்கும் ஒவ்வொரு டாலருக்கும் ஒரு மதிப்புப் புள்ளி பெறுகிறார். அப்புள்ளிகளை வேறொருவருக்கு மாற்றி அவரை ஃபெல்லோ ஆக்கலாம். அவர் ரோட்டரி உறுப்பினராக இருக்கவேண்டிய கட்டாயமும் இல்லை. பல்லாண்டு உழைத்த உறுப்பினரையோ, ஊருக்குப் பணிபுரிந்த ஆசிரியர், மருத்துவர் போன்றோரையோ சங்கங்கள் இவ்வாறே சிறப்பிக்கின்றன. எனவே சின்னத்தை மட்டும் கண்டு அணிந்திருப்பவர் கொடையாளரா, தொண்டரா என்று அறிய இயலாது. மேலும் நன்கொடை அளிப்போரின் சின்னத்தில் நீலக்கற்களும், அதன்பின் மாணிக்கக் கற்களும் பதிக்கப்படுகின்றன. இது கொடையின் அளவை மட்டுமே காட்டும்.

இவ்வாறு திரளும் நிதியின் ஒரு பகுதி, 1985 இல் ரோட்டரி தொடங்கிய போலியோ ஒழிப்புத் திட்டத்திற்குச் செல்கிறது. இந்தியாவின் கடைசி இயற்கைப் போலியோ நோயாளி 2011 சனவரியில் மேற்கு வங்காளத்தின் ஹவுராவில் கண்டறியப்பட்டார். 2014 மார்ச் 27 அன்று தென்கிழக்கு ஆசிய வட்டாரம் போலியோ அற்றதாகச் சான்றளிக்கப்பட்டது.

பிற சிறப்புகள்

தொண்டை மட்டும் அளவுகோலாகக் கொண்டது "தன்னலத்திற்கு மேலான சேவை" விருது. உலகம் முழுவதிலும் ஆண்டுக்கு 150 பேர் வரையே இதற்குத் தேர்ந்தெடுக்கப்படுகின்றனர். நன்கொடை இதில் கணக்கில் கொள்ளப்படுவதில்லை. அரிமா சங்கங்களில் 1973 முதல் வழங்கப்படும் மெல்வின் ஜோன்ஸ் ஃபெல்லோ தகுதிக்கும் நன்கொடை 1,000 டாலரே.