எரிமலை, வெனிலா, தீமிதி: ரீயூனியன் தீவைத் தெரியுமா?

2002 ஜனவரி 1. யூரோ நோட்டும் நாணயமும் புழக்கத்துக்கு வந்த நாள். அந்தப் பணத்தைக் கொடுத்து முதன்முதலில் பொருள் வாங்கிய ஊர் எது தெரியுமா? பாரிஸ் இல்லை, பெர்லின் இல்லை. மடகாஸ்கருக்குக் கிழக்கே, இந்தியப் பெருங்கடலில் இருக்கும் ரீயூனியன் தீவு! பாரிஸில் இரவு 9 மணி ஆகும்போதே அங்கே புத்தாண்டு பிறந்துவிடும். தலைநகர் செயிண்ட் டெனியின் சந்தையில் மேயர் யூரோ கொடுத்து வாங்கியது லிச்சிப் பழம். பாரிஸிலிருந்து 9,000 கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தும், 1946 முதல் இத்தீவு பிரான்சின் ஒரு மாவட்டம். அதனால் ஐரோப்பிய ஒன்றியத்தின் மண்ணும்கூட!

மழையைக் கேளுங்கள். 1966 ஜனவரியில் ஒரு புயலின்போது ஃபோக் ஃபோக் என்ற மலைப்பகுதியில் 24 மணி நேரத்தில் பெய்தது 1,825 மில்லிமீட்டர். சென்னைக்கு ஓராண்டு முழுவதும் கிடைக்கும் சராசரி மழையே சுமார் 1,400 தான்! உலகிலேயே அடிக்கடி குமுறும் எரிமலைகளில் ஒன்றான பிட்டோன் தெ லா ஃபூர்னேஸும் இங்கேதான் இருக்கிறது. 1977-ல் அதன் நெருப்புக் குழம்பு ஒரு தேவாலயத்தின் வாசல்வரை வந்து, இரண்டாகப் பிரிந்து, கட்டடத்தை விட்டுவிட்டுப் போனது. மாஃபாத் என்ற மலைக்கிண்ணத்தில் மக்கள் வசிக்கிறார்கள். இன்றுவரை அங்கே சாலை கிடையாது, கால்நடையாகவோ ஹெலிகாப்டரிலோதான் போக முடியும். எசமானர்களிடமிருந்து தப்பி ஓடிய அடிமைகள் ஒளிந்து வாழ்ந்த இடம் அது.

டென்னிஸ் பார்ப்பவர்களுக்கு ஒன்று: பிரெஞ்சு ஓப்பன் நடக்கும் அரங்குக்குப் பெயர் தந்த ரோலண்ட் காரோஸ் டென்னிஸ் வீரர் அல்ல! 1913-ல் மத்தியதரைக் கடலை நிற்காமல் பறந்து கடந்த விமானி. 1888-ல் செயிண்ட் டெனியில் பிறந்தவர்.

ஆனால் இத்தீவின் மிகப் பெரிய அதிசயம் ஒரு 12 வயதுச் சிறுவன். வெனிலாக் கொடியின் தாயகம் மெக்சிகோ. அதைக் கொண்டுவந்து இங்கே நட்டார்கள். கொடி படர்ந்தது, பூத்தது, காய்க்கவில்லை. மகரந்தம் சேர்க்கும் பூச்சி இங்கே இல்லையே! பூவோ ஒரே நாளில் வாடிவிடும். 1841-ல் எட்மோன் என்ற அடிமைச் சிறுவன் மெல்லிய குச்சியால் பூவுக்குள் இருந்த சவ்வை விலக்கி, கட்டைவிரலால் மகரந்தத்தை அழுத்திவைத்தான். காய் பிடித்தது! சில நொடி வேலை. உலகெங்கும் வெனிலாத் தோட்டங்களில் இன்றும் அதே முறைதான். மடகாஸ்கரின் வெனிலாத் தொழில் முழுவதும் அந்த விரல் அசைவின்மேல் நிற்கிறது. 1848-ல் விடுதலை கிடைத்தபோதுதான் அவனுக்கு அல்பியுஸ் என்ற குடும்பப் பெயரே வந்தது. பிறகு திருட்டுக் குற்றத்துக்காகச் சிறைக்குப் போனார். 1880-ல் வறுமையில் இறந்தார். தோட்ட முதலாளிகள் சேர்த்த செல்வத்தில் அவருக்குப் பங்கு எதுவும் வரவில்லை. நினைக்க நினைக்க மனம் ஆறவில்லை.

17-ஆம் நூற்றாண்டுக்கு முன் இத்தீவில் மனிதர் யாருமே வசிக்கவில்லை! பிரெஞ்சுக்காரர்கள் காப்பி பயிரிட்டார்கள். ஆப்பிரிக்காவிலிருந்தும் மடகாஸ்கரிலிருந்தும் அடிமைகளைக் கொண்டுவந்தார்கள். 1806, 1807-ல் புயல்கள் காப்பியை அழித்தன. ஹெய்ட்டியும் மொரிஷியஸும் பிரான்சின் கையைவிட்டுப் போயின. அதனால் சர்க்கரைக்காகத் தீவு முழுக்கக் கரும்பு ஏறியது. 1848 டிசம்பர் 20-ல் சுமார் 62,000 அடிமைகள் விடுதலையானார்கள். அந்த நாள் இன்றும் அங்கே பொது விடுமுறை. அப்புறம் கரும்பு வெட்ட யார்?

இங்கேதான் நம்மவர்கள் வருகிறார்கள். பாண்டிச்சேரி, காரைக்கால் வழியாக ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறியவர்களில் பெரும்பாலோர் தமிழர். 1860-ல் பிரிட்டனும் பிரான்சும் உடன்படிக்கை செய்துகொண்டதும் பிரிட்டிஷ் இந்தியாவிலிருந்தும் ஆள் திரட்டினார்கள். கூலிகள் படும் பாடு பற்றிப் புகார்கள் குவிந்ததால் 1882-ல் பிரிட்டிஷ் அரசு அதை நிறுத்தியது. அவர்களின் வழிவந்தவர்களை அங்கே மல்பார் என்கிறார்கள். பிரெஞ்சுக் கணக்கெடுப்பு இனத்தைக் கேட்பதில்லை. ஆனாலும் மக்கள்தொகையில் கால்வாசிக்கு அருகே இருப்பார்கள் என்பது பொதுவான மதிப்பீடு.

பெரும்பாலோர் வீட்டில் பேசுவது கிரியோல் மொழி. தமிழ் பேச்சிலிருந்து போய்விட்டது. ஆனால் தெய்வம் போகவில்லை! கரும்பாலைகளை ஒட்டிக் கூலிகள் எழுப்பிய கோயில்கள் இன்றும் நிற்கின்றன. திரௌபதிக்கு விரதமிருந்து தீ மிதிக்கிறார்கள். காவடி எடுக்கிறார்கள். செயிண்ட் ஆந்த்ரேயில் தீபாவளி ஊர்த் திருவிழா. கறிவேப்பிலையும் முருங்கைக்கீரையும் தீவின் எல்லா இனத்தார் அடுப்பிலும் ஏறிவிட்டன. ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்குப் போய்விட்டு அம்மனுக்குப் பொங்கலிடும் குடும்பங்களும் உண்டு. இதில் முரண் இருப்பதாக அவர்கள் நினைப்பதில்லை, நாமும் நினைக்க வேண்டியதில்லை.

ஒரு காலத்தில் நூற்றுக்கு மேல் இருந்த சர்க்கரை ஆலைகளில் மிஞ்சியவை இரண்டே: புவா ரூஜ், லெ கோல். அங்கே கரும்புச் சக்கையை எரித்து மின்சாரமும் எடுக்கிறார்கள். இன்று பொருளாதாரத்தைத் தாங்குவது அரசுச் செலவும் சேவைத் துறையும் சுற்றுலாவும். பிரெஞ்சுப் பெருநிலத்தைவிட விலைவாசி அதிகம், வேலையின்மையும் அதிகம். சாலையும் மருத்துவமனையும் ஐரோப்பியத் தரத்தில் இருக்கும் தீவில் இளைஞர்கள் வேலை தேடி பாரிஸுக்கு விமானம் ஏறுகிறார்கள்.

மல்பார் குடும்பங்கள் சில, முன்னோரின் ஊரைத் தேடித் தமிழ்நாட்டுக்கும் புதுவைக்கும் வருகின்றன. காரைக்கால், கடலூர், தஞ்சைப் பக்கத்து வாசகர்களே, ‘எங்கள் பாட்டனாரின் அண்ணன் கப்பலேறிப் போனார், திரும்பவில்லை’ என்ற பேச்சு உங்கள் வீட்டில் உண்டா? பெரியவர்களிடம் இப்போதே கேட்டு, பெயரையும் ஊரையும் எழுதி வையுங்கள்.