அவயவி தனித்த த்ரவ்யமா?

ஜவ்வாது மலையிலுள்ள காவலூர் வானாய்வு நிலையத்தில் 1977 மார்ச் 10 அன்று, யுரேனஸ் கோள் ஒரு விண்மீனை நெருங்கிக் கடப்பதை ஒரு மீட்டர் தொலைநோக்கியால் நோக்கிக்கொண்டிருந்தனர். கோள் அணுகுமுன்னரே விண்மீனின் ஒளி சில விநாடிகள் மங்கியது. இந்தியப் பெருங்கடலின்மேல் பறந்த அமெரிக்க ஆய்வு விமானத்தில் கண்டவற்றோடு இதனையும் ஒப்பிட்டபோது, அக்கோளுக்கு வளையங்கள் உண்டென்பது தெளிவாயிற்று. 1986 ஜனவரியில் வாயேஜர் 2 அருகே சென்று படமெடுத்தது. வளையம் என்று ஒருமையில் வழங்கப்பட்டது எண்ணற்ற கரிய துண்டுகளின் கூட்டமே. ஒவ்வொரு துண்டும் தன் வழியில் கோளைச் சுற்றுகிறது.

அப்படியாயின் ஒளியை மறைத்தது வளையமா, துண்டுகளா? நம் தர்க்க நூல்களுக்கு இக்கேள்வி புதிதன்று.

நூல்கள் கூடியவிடத்தில் ஆடை என்னும் புதிய த்ரவ்யம் உண்டாகி, ஸமவாய ஸம்பந்தத்தால் அந்நூல்களில் இருக்கிறது என்பர் நையாயிகரும் வைசேஷிகரும். அவர்களுடைய வாதங்களுள் வலியது கௌதமர் கூறுவது: பரமாணுக்கள் கட்புலனுக்கு எட்டாதவை, அவயவி என்று தனியே ஒன்று இல்லையாகில் அவற்றின் கூட்டமும் எட்டாது, குடமும் மலையும் காணப்படாமற்போம். தொலைவிலுள்ள சேனையும் வனமும் ஒன்றாகத் தோன்றவில்லையோ எனின், வீரனும் மரமும் தனித்தனியே காணத்தக்கவை, பரமாணு அத்தன்மைத்தன்று என்று விடையிறுப்பர். யுரேனஸின் வளையம் சேனையைப் போன்றது. அதனை ஓர் அவயவியாகக் கொள்ள நையாயிகரும் இசையார் என்றே தோன்றுகிறது.

நம் ஸித்தாந்தமோ குடத்திலும் இதனையே சொல்லும். ஆரம்பணாதிகரணத்தில் ஸ்ரீபாஷ்யகாரர், காரண த்ரவ்யமே வேறோர் அவஸ்தையை அடைந்து கார்யம் எனப்படுகிறது என நிலைநாட்டினார். மண்ணுருண்டையால் நீர் கொணரலாகாது, குடத்தால் ஆகும். பெயரும் ப்ரதீதியும் பயனும் வேறுபடுவதற்கு அவஸ்தா பேதமே போதும். ஸ்வாமி தேசிகனும் ந்யாயஸித்தாஞ்ஜனத்திலும் தத்வமுக்தாகலாபத்திலும் தனி அவயவியை மறுத்தருளினார். பாகமற்ற பரமாணுவை நாம் ஜகத்காரணமாக ஒப்பாமையால் கௌதமரின் வாதத்துக்கு இங்கு அடிநிலையே இல்லை.

இவ்விடத்தில் ஒரு பழைய வாதத்தைச் சற்றுத் திருத்திக்கொள்ள வேண்டும். நூலுக்கு ஓர் எடையும் ஆடைக்கு வேறோர் எடையும் உண்டாகில் தராசு இருமடங்கு காட்டவேண்டும். காட்டாமையால் அவயவி இல்லை என்பது அவ்வாதம். சூரியனில் நான்கு ஹைட்ரஜன் கருக்கள் ஒரு ஹீலியக் கருவாகும்போது எடை ஏறத்தாழ 0.7 விழுக்காடு குறைகிறது. குறைந்தது ஒளியாகவும் வெப்பமாகவும் வெளிப்படுகிறது. எடை ஏறவில்லை, ஆகவே புதிய த்ரவ்யம் வந்தது என்பாருக்கு இதில் ஆதாரமில்லை. ஆயினும், கூடினாலும் எடை சிறிதும் மாறாது என்று நாம் அடித்துச் சொல்வதும் இனிப் பொருந்தாது. அவஸ்தை வெறும் பெயரன்று, மெய்யே என்னும் நம் கொள்கைக்கு இது இசைந்ததே.

இக்காலத்து உபந்யாஸங்களில் கேட்கப்படும் ஒரு கூற்றே இவ்வளவும் எழுதத் தூண்டியது. பௌதிக அறிஞர் டேவிட் போம் 1980இல் வெளியிட்ட நூலில் உலகைப் பிரிவற்ற முழுமையாகக் கண்டார். ஆகவே ப்ரஹ்மம் முழுமை, நாம் அதன் பகுதிகள் என்கிறார்கள். கேட்க இனிதே. ஆனால் அவயவி அவயவங்களின் ஓர் அவஸ்தையே என்று கொண்ட நாம் ஈச்வரனை அவயவியாகச் சொன்னால், சித்தும் அசித்தும் கூடிய கூட்டத்துக்கு மேல் ஈச்வரன் என்று ஒருவன் இல்லை என்று சொன்னவராவோம். நையாயிகரின் அவயவியைக் கடன் வாங்கினாலும் உய்வில்லை. அந்த அவயவி தன் இருப்புக்கே அவயவங்களை எதிர்பார்ப்பது, அவை பிரிந்தால் அழிவது.

சரீர சரீரி பாவம் இதற்கு நேர்மாறானது. வளையம் துண்டுகளைத் தாங்குவதில்லை. துண்டுகள் சிதறாதபடி எப்ஸிலான் என்னும் வளையத்தை அணைத்து நிற்பவையும் அதற்குப் புறம்பான கோர்டீலியா, ஒஃபீலியா என்னும் சிறு நிலாக்களே. ஆத்மாவோ சரீரத்தினின்று வேறான த்ரவ்யமாயிருந்து அதனைத் தரித்து நியமிக்கிறது. அது நீங்கினால் சரீரம் சரீரமாக நில்லாது. அம்சாதிகரணத்தில் ஜீவனை அம்சமென்றது, விசிஷ்ட வஸ்துவுக்கு விசேஷணமாயிருத்தலைப் பற்றியது. ஒளியுடைய பொருளுக்கு அதன் ப்ரபை போல. ஆகையால் ஜீவனுடைய துக்கம் ப்ரஹ்மத்தைச் சாராது. கீதையின் 15.7 அவ்வதிகரணத்திலேயே ஸ்ம்ருதி ப்ரமாணமாக எடுக்கப்படுதலின், அங்குள்ள அம்ச சப்தத்துக்கும் இப்பொருளே கொள்க.