சைக்கிளில் தனியாக மலைக்கு டூர்! ஏறுவது ஜாலி, இறங்கும்போது காத்திருக்கிறான் எமன்!

காரைக்காலை அடுத்த போலகத்தில் மலையும் கிடையாது, குன்றும் கிடையாது. வயல், வாய்க்கால், தொழிற்பேட்டை, கிழக்கே கடல். சைக்கிளில் போகிறவருக்கு மூச்சு வாங்கினால் அது பாலத்து ஏற்றத்தில்தான். இப்படிப்பட்ட தட்டை பூமியில் வளர்ந்த வாலிபர்களுக்குத்தான் மலை மீது மோகம் அதிகம். கேரியரில் கூடாரம், ஹேண்டில் பாரில் தண்ணீர் பாட்டில், துணைக்கு ஆள் இல்லை. "ஒரு வாரத்தில் திரும்பிடுவேன்மா" என்று கிளம்பி விடுகிறார்கள்.

போகட்டும். தப்பில்லை. ஆனால் போகிற வழியில் எங்கே ஆபத்து இருக்கிறது என்பதைத் தெரிந்துகொண்டு போக வேண்டும்.

வாஞ்சூரில் முதல் சோதனை

போலகத்திலிருந்து தெற்கே போனால் வாஞ்சூர். அதைத் தாண்டினால் தமிழ்நாடு. காரைக்காலிலிருந்து சரக்கு பாட்டில் கடத்துகிறவர்களைப் பிடிக்க எல்லையில் போலீசார் காத்திருப்பார்கள். நாலு பையைக் கட்டிக்கொண்டு வரும் சைக்கிளைக் கண்டால் சும்மா விடுவார்களா? "தம்பி, இறங்கு. மூட்டையில என்ன?" என்றுதான் கேட்பார்கள். கூடாரம், போர்வை, பஞ்சர் சாமான் என்று பிரித்துக் காட்டினால் வேலை முடிந்தது. "குளிருக்கு ஒண்ணு இருக்கட்டுமே" என்று பாட்டில் வைத்திருந்தால் டூர் அங்கேயே குளோஸ்!

காற்றோடு மல்லுக்கட்டு

நாகப்பட்டினம், திருவாரூர், தஞ்சாவூர், திருச்சி, நாமக்கல் வழியாகப் போனால் கொல்லிமலை. அடிவாரம் காரவள்ளி வரைக்கும் 250 கி.மீ.க்குக் குறையாது. திருச்சி வரை பெரிய ஏற்றம் இல்லை. ஆனால் ஆனி, ஆடியில் மேற்கிலிருந்து அடிக்கும் காற்று முகத்தில் அறையும். மேடு ஏறுவது போலவே மிதிக்க வேண்டியிருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் டெல்டாவில் மழை கொட்டும். தை மாதம்தான் நல்ல காலம்.

ஒரு சுற்றுக்கு 5 மீட்டர்

காரவள்ளியிலிருந்து மேலே போகும் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். மலையின் உயரம் 1,000 முதல் 1,300 மீட்டர்.

ஊரில் ஓட்டும் சாதாரண சைக்கிளில் முன் சக்கரப் பல் 44, பின்னால் பிரீவீலில் 18 பல் இருக்கும். பெடலை ஒரு முழுச் சுற்று மிதித்தால் வண்டி 5 மீட்டருக்கு மேல் ஓடும். சமதளத்தில் இது சொகுசு. மலையில் இதே கணக்கு காலை ஒடித்துவிடும். கியர் சைக்கிளில் மிகச் சின்ன கியரைப் போட்டால் ஒரு சுற்றுக்கு ஒன்றரை மீட்டர்தான் நகரும். மெதுவாகப் போனாலும் மூட்டு பிழைக்கும். கியர் இல்லாதவர் இறங்கித் தள்ளிக்கொண்டு போகலாம். அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. நேரம்தான் கூடும். விடியற்காலையிலேயே ஏறத் தொடங்கிவிட வேண்டும்.

மூன்று லிட்டர் வெந்நீர்!

ஏற்றத்தில் களைப்பு. இறக்கத்தில்தான் உயிருக்கு உலை!

ஆள் 60 கிலோ, சைக்கிள் 20 கிலோ, மூட்டை 15 கிலோ என்று வைத்துக்கொள்வோம். இந்த 95 கிலோ பாரம் ஆயிரம் மீட்டர் கீழே இறங்கும்போது உண்டாகும் சூட்டில் ஏறத்தாழ மூன்று லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கலாம். மெதுவாகப் பிடித்துப் பிடித்து இறங்கினால் அந்தச் சூட்டில் பெரும்பகுதி பிரேக் கட்டையிலும் ரிம்மிலும்தான் ஏறும். ரிம் சுட்டால் டியூப் வெடிக்கும். மழையில் நனைந்த இரும்பு ரிம்மில் ரப்பர் கட்டை வழுக்கும். வளைவில் எதிரே பஸ் வரும்போது பிரேக் பிடிக்காவிட்டால் கதி என்ன?

ஆகவே கிளம்பும் முன்பே புது பிரேக் கட்டை மாட்ட வேண்டும். சில வளைவுகளுக்கு ஒருமுறை நிறுத்தி ரிம் ஆற விட வேண்டும். முன் பிரேக், பின் பிரேக் இரண்டையும் விட்டுவிட்டுப் பிடிக்க வேண்டும். மேலே ஏறி வரும் வண்டிக்கு வழி விடுவது மலைப் பாதையின் சட்டம்.

ராத்திரி எங்கே படுப்பது?

கூடாரம் கையில் இருக்கிறது என்பதற்காகக் கண்ட இடத்தில் அடித்துப் படுக்க முடியாது. காப்புக் காட்டில் அனுமதியில்லாமல் நுழைந்தாலே குற்றம். சரணாலயம் என்றால் 1972-ம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் பாயும். அடுப்பு மூட்டினால் கேட்கவே வேண்டாம்.

2018 மார்ச் 11-ந் தேதி தேனி மாவட்டம் குரங்கணியில் நடந்த பயங்கரத்தை யாரும் மறந்திருக்க முடியாது. மலையேறப் போனவர்கள் காட்டுத் தீயில் சிக்கினார்கள். 20-க்கும் மேற்பட்டோர் பலியானார்கள். அதே ஆண்டில் மலையேற்றத்துக்குத் தமிழக அரசு தனி விதிகளைக் கொண்டு வந்தது.

சத்தியமங்கலம் திம்பம் மலைப் பாதையில் 27 கொண்டை ஊசி வளைவுகள். அது புலிகள் காப்பகம். அங்கே ஐகோர்ட்டு உத்தரவுப்படி 2022 பிப்ரவரியிலிருந்து இரவுப் போக்குவரத்துக்குத் தடை அமலுக்கு வந்தது. பொழுது சாயும் நேரத்தில் சைக்கிளோடு போய் நின்றால் அம்போ என்று திரும்ப வேண்டியதுதான்.

கொல்லிமலையில் இந்தக் கஷ்டம் வேண்டாம். செம்மேட்டில் தங்கும் விடுதிகள் இருக்கின்றன. கூடாரம்தான் வேண்டுமென்றால் பட்டா நிலத்துக்காரரிடம், "அண்ணே, ஒரு ராத்திரி தங்கிக்கலாமா?" என்று கேட்டால் போயிற்று. வழியில் பெட்ரோல் பங்க், கோவில் மண்டபம் எதுவானாலும் கேட்டுவிட்டுப் படுப்பதே நல்லது. கேட்காமல் படுத்தால் திருடன் என்று நினைத்து ஊரே கூடிவிடும்.

கில்லாடிகளும் பட்ட பாடு

சைக்கிளில் உலகம் சுற்றிய இந்தியர்கள் உண்டு. 1923 அக்டோபரில் பம்பாயிலிருந்து ஆறு பார்சி வாலிபர்கள் கிளம்பினார்கள். பாலைவனம், ஆல்ப்ஸ் மலை எல்லாம் தாண்டி 1928 மார்ச்சில் ஊர் திரும்பியவர்கள் மூன்றே பேர். 1931-ல் சிங்கப்பூரிலிருந்து தனி ஆளாக சைக்கிள் மிதித்தவர் வங்காளத்துக்காரர் ராம்நாத் பிஸ்வாஸ். காரைக்கால்காரர்கள் பிழைப்புக்குப் போன அதே இந்தோசீனா வழியாகவும் அவர் போனார்.

2018-ல் வேதாங்கி குல்கர்னி என்ற இளம்பெண் 159 நாட்களில் சுமார் 29 ஆயிரம் கி.மீ. ஓட்டி உலகைச் சுற்றினார். பெரும்பகுதி தூரம் தனியாகத்தான். கனடாவில் கரடி துரத்தியது. ஸ்பெயினில் கத்தியைக் காட்டிக் கொள்ளையடித்தார்கள். காயத்தோடு கிடந்தும் அவர் மறுபடி மிதித்து முடித்தார். பிடிவாதம் இருந்தது. அதோடு, போகும் பாதையை முன்கூட்டியே திட்டம் போட்டு வைத்திருந்தார்.

வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள்

தனி ஆளாகப் போகிறவர் பள்ளத்தில் விழுந்தால் பார்க்க ஆள் இல்லை. மலையில் செல்போன் டவர் எல்லா இடத்திலும் கிடைக்காது. எனவே எந்த வழி, எந்த ராத்திரி எந்த ஊர் என்று ஒரு தாளில் எழுதி வீட்டில் கொடுக்க வேண்டும். தினமும் ஒரே நேரத்தில் போன் செய்ய வேண்டும். அந்த நேரம் தாண்டி இத்தனை மணி ஆகியும் போன் வராவிட்டால் 112-க்குச் சொல்லுங்கள் என்று அம்மா, அப்பாவிடம் சொல்லி வைக்க வேண்டும். சட்டைப் பையில் பெயர், ரத்த வகை, வீட்டு நம்பர் எழுதிய சீட்டு இருக்கட்டும்.

புது பிரேக் கட்டைக்கு ஆகும் செலவு கொஞ்சம்தான். வழியை எழுதி வைக்கும் தாளுக்குக் காசே வேண்டாம். இந்த இரண்டும் இல்லாமல் கிளம்பும் பிள்ளையைப் பெற்றவர்கள் வாசலிலேயே நிறுத்திவிடலாம்!